கீற்றும் கிரில்லும்

பினாங்குத் தீவின் வடகரையில் நின்று பார்த்தால், மழை விட்ட காலைகளில் கடலுக்கு அப்பால் குனோங் ஜெராய் நீலமாகத் தெரியும். நம்மவர்கள் அந்த மலையைக் கடாரத்தோடும் பூஜாங் பள்ளத்தாக்கோடும் சேர்த்துத்தான் பேசுவார்கள். ராஜேந்திர சோழன் பெயர் வராமல் அந்தப் பேச்சு முடியாது. அதே மலையின் வடக்கு அடிவாரத்தில், யான் மாவட்டத்தில், குவார் செம்படாக்கை அடுத்துப் பாடாங் லுமாட் என்றொரு சிற்றூர் இருக்கிறது. 1989 செப்டம்பர் 22ஆம் தேதி, அங்கே ஒரு சமயப் பள்ளியின் பெண்கள் விடுதி எரிந்தது. பலகையால் கட்டிய விடுதி. 27 மாணவிகள் இறந்துபோனார்கள்.

அன்று வெள்ளிக்கிழமை. நான் ஜார்ஜ்டவுனில் ஒரு தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். பெரியவர்கள் வானொலியில் கேட்டுவிட்டுக் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டார்கள். மறுநாள் பத்திரிகையை அப்பா அலமாரிக்கு மேலே வைத்துவிட்டார், பிள்ளைகள் கையில் படக்கூடாது என்று. நாற்காலி போட்டு ஏறி எடுத்துப் பார்த்தோம். இறந்தவர்கள் எல்லாரும் மலாய்ப் பிள்ளைகள், எங்களுக்கு அக்கா வயது. ஃபெரி ஏறிப் பட்டர்வொர்த்தில் இறங்கி வடக்கே போனால் ஒரு மணி நேரத்துக்குள் வரும் ஊர். அந்தத் தூரம்தான் எங்களைப் பயமுறுத்தியது. வேறு எங்கோ உலகத்தின் மூலையில் நடந்திருந்தால் ஒரு வாரத்தில் மறந்திருப்போம்.

திங்கட்கிழமை எங்கள் வகுப்பு டீச்சர் பாடம் எடுக்கவில்லை. எழுந்து வரிசையாக நிற்கச் சொன்னார். எங்கள் வகுப்பு மாடியில். முன்பக்கப் படி ஒன்று, தாழ்வாரத்தின் கடைசியில் பின்பக்கப் படி ஒன்று. பின்படியை யாரும் புழங்கியதில்லை. அங்கே மடக்குக் கிரில் கதவு, அதில் ஒரு பூட்டு. டீச்சர் எங்களை அங்கே கூட்டிக்கொண்டு போய் நிறுத்திவிட்டு, கீழே இருந்த ஜாகாவை, அதாவது காவலாளியை, கூப்பிட்டார்.

"அண்ணே, இந்தப் படிக்கட்டுச் சாவி எங்க?"

"ஆபீஸ்ல இருக்கு டீச்சர்."

"ஆபீஸ் பூட்டியிருந்தா?"

ஜாகா தலையைச் சொறிந்தார். பிறகு போய்த் தேடினார். நாங்கள் வரிசையில் நின்றபடி காத்திருந்தோம். சாவி வந்தது, பூட்டு துருப்பிடித்து இறுகியிருந்தது. தேங்காய் எண்ணெய் ஊற்றித் திறந்தார்கள். கிரில்லைத் தள்ளும்போது வந்த கிறீச்சென்ற சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. படியில் உடைந்த மேசைகளும் பழைய விளையாட்டுச் சாமான்களும் குவிந்து கிடந்தன. டீச்சர் யாரையும் திட்டவில்லை. நாங்களே ஆளுக்கொரு சாமானாகத் தூக்கி வெளியே வைத்தோம். அதன் பிறகு அந்த ஆண்டு முடியும்வரை அந்தக் கதவு திறந்தே இருந்தது. அடுத்த ஆண்டு டீச்சர் மாற்றலாகிப் போனார். பூட்டு திரும்ப வந்துவிட்டது.

பள்ளித் தீயைப் பற்றி எழுதும்போது எரிந்ததைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கிறோம். அந்தப் பூட்டு ஏன் திரும்ப வந்தது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பூட்டியவர் கொடியவர் இல்லை. பந்து காணாமல் போகிறது, பெரிய பையன்கள் அங்கே போய் சிகரெட் பிடிக்கிறார்கள், திருடன் வருவான் என்று ஒவ்வொரு பூட்டுக்கும் ஒரு நல்ல காரணம் இருக்கும். 27 பிள்ளைகளின் மரணம் அந்தக் காரணங்களுக்கு எதிராக அந்தக் கல்வியாண்டு முடியும்வரைதான் தாக்குப்பிடித்தது.

காவிரிக் கரையில் மூன்று தீ

பினாங்கில் பல குடும்பங்களுக்குப் பூர்வீகம் பழைய தஞ்சை மாவட்டம். நாகப்பட்டினத்தில் கப்பலேறினால் பினாங்குத் துறையில் இறங்கலாம் என்றிருந்த காலம் அது. ரஜுலா, பிறகு எம்.வி. சிதம்பரம். சிதம்பரம் கப்பலின் கதையும் தீயில்தான் முடிந்தது: 1985 பிப்ரவரியில் கடலில் தீப்பிடித்து உயிர்கள் போயின, அதோடு அந்தப் பயணிக் கப்பல் சேவையும் போயிற்று. கப்பல் நின்றாலும் உறவு நிற்கவில்லை. அதனால் 2004 ஜூலை 16ஆம் தேதி கும்பகோணத்திலிருந்து செய்தி வந்தபோது, ஜார்ஜ்டவுன் கடைத்தெருவில் பல வீடுகளில் கேட்ட முதல் கேள்வி, "நம்ம பிள்ளைங்க யாரும் அங்க படிக்குதா?" என்பதுதான்.

காசிராமன் தெரு, ஸ்ரீகிருஷ்ணா பள்ளி. ஒரே கட்டடத்துக்குள் மூன்று பள்ளிகள்: அரசு உதவி பெறும் தொடக்கப்பள்ளி, நர்சரி பள்ளி, பெண்கள் உயர்நிலைப்பள்ளி. மாடியில் தொடக்கப்பள்ளி வகுப்புகள் கீற்றுக் கூரையின் கீழ். ஏறி இறங்க ஒரு குறுகிய படிக்கட்டு. சத்துணவுக் கூடத்திலும் கீற்றுதான். முற்பகலில் சமையல் அடுப்பிலிருந்து கிளம்பிய நெருப்பு சமையல் கூரையைப் பிடித்தது. அங்கிருந்து மாடிக் கூரைக்குத் தாவியது. காய்ந்த தென்னங்கீற்று எரியும் வேகம் கிராமத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். மேலே எரிவது மேலேயே நிற்காது. கட்டிய கயிறு அறுந்து, மூங்கிலோடு சேர்ந்து கீழே விழும். அதன் கீழே ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் இருந்தார்கள். 94 பேர் இறந்தார்கள். 18 பேர் காயங்களோடு தப்பினார்கள்.

சத்துணவுத் திட்டம் 1982இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கியது. பசித்த பிள்ளையைப் பள்ளிக்கு வரவழைத்த திட்டம் அது. அதைப் பற்றிக் குறை சொல்ல என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. ஆனால் அடுப்பை எங்கே வைப்பது, அதன் மேல் என்ன கூரை போடுவது என்பதைப் பள்ளிக்காரரின் விருப்பத்துக்கு விட்டுவிட்டார்கள். கீற்று மலிவு. வெயிலுக்குக் குளிர்ச்சி. கூரை மாற்றச் செலவு செய்யும் பள்ளியைவிட, இன்னொரு வகுப்பு சேர்க்கும் பள்ளிக்குத்தான் வருமானம் வரும்.

கும்பகோணத்தை ஒரு விபத்து என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு வேறு இரண்டு தேதிகள் நினைவுக்கு வரும். 1997 ஜூன் 7: தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கின்போது யாகசாலைப் பந்தல் பற்றி எரிந்து 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கீற்றுப் பந்தல். 2004 ஜனவரி 23: ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில், மாடியில் போட்டிருந்த பந்தல் எரிந்து மாப்பிள்ளை உட்பட 50க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அங்கும் கீற்று, அங்கும் மாடி, அங்கும் இறங்க வழி போதவில்லை. அதிலிருந்து ஆறு மாதம்கூட முழுதாக ஆகவில்லை, கும்பகோணம் எரிந்தது. தஞ்சையிலிருந்து கும்பகோணம் பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். ஸ்ரீரங்கமும் ஒன்றும் அயல்நாடு அல்ல. மூன்றும் காவிரி பாயும் ஊர்கள். மூன்றிலும் ஒரே கூரை. ஸ்ரீரங்கம் நடந்த மறுவாரமே மாவட்டத்துப் பள்ளிகளில் மாடிமேல் கீற்று இருக்கிறதா என்று ஒரு அலுவலர் ஒரு சைக்கிளில் சுற்றிவந்திருந்தால்கூட 94 பேரும் இன்று இருந்திருப்பார்கள்.

தீக்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. தமிழகம் முழுக்கப் பள்ளிகளில் கீற்றுக் கூரைகளைப் பிரிக்கச் சொல்லி உத்தரவு வந்தது, பிரித்தார்கள். நீதிபதி சம்பத் தலைமையில் விசாரணை ஆணையம் அமைத்தார்கள். வேகம் அதோடு சரி. வழக்கு விசாரணை முறையாகத் தொடங்கவே 2012 ஆயிற்று. 2014 ஜூலை 30ஆம் தேதி தஞ்சாவூர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பள்ளி நிறுவனருக்கு ஆயுள் தண்டனை. தாளாளர், தலைமை ஆசிரியை, சத்துணவு அமைப்பாளர், சமையலாளர், பொறியாளர், கல்வித் துறை அலுவலர்கள் என்று மொத்தம் 10 பேர் குற்றவாளிகள். 11 பேர் விடுதலை. 2017 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் நிறுவனரின் தண்டனையைச் சிறையில் இருந்த காலத்தோடு போதும் என்று குறைத்து, மற்றவர்களில் ஏழு பேரை விடுவித்தது. 94 சிறு பிள்ளைகளுக்கான கணக்கு இப்படி முடிந்தது.

சமையலாளர் அடுப்பில் நெருப்பு மூட்டினார். அது அவர் வேலை. அடுப்பில்லாமல் சோறு வேகாது. குற்றவாளிக் கூண்டில் அவர் நின்றதையும், மேலே கையெழுத்துப் போட்டவர்களில் பலர் கூண்டைவிட்டு இறங்கிப் போனதையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால், நம் சட்டம் தீ எங்கே தொடங்கியது என்று தேடுவதில்தான் கெட்டி என்று தோன்றுகிறது. வழி எங்கே அடைபட்டது என்ற கேள்வி வரும்போது அதற்குக் கண் மங்கிவிடுகிறது.

ஒரு நல்லதும் நடந்தது. கும்பகோணத்தைக் காட்டி அவினாஷ் மெஹ்ரோத்ரா என்பவர் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். 2009 ஏப்ரல் 13ஆம் தேதி நீதிமன்றம் சொன்னது: கல்வி பெறும் உரிமை என்பதில் பாதுகாப்பான பள்ளியில் படிக்கும் உரிமையும் அடக்கம். இந்தியா முழுக்கப் பள்ளிகளில் தீயணைப்புக் கருவி வேண்டும், கட்டடம் தேசிய விதிகளுக்கு ஒத்திருக்க வேண்டும், சான்று இல்லாமல் அங்கீகாரம் கூடாது என்றது. இன்று தமிழ்நாட்டில் பள்ளிச் சுவரில் தொங்கும் அந்தச் சிவப்பு உருளைக்குப் பின்னால் காசிராமன் தெரு இருக்கிறது. அதைப் பயன்படுத்தத் தெரிந்த ஆசிரியர் எத்தனை பேர் என்பது வேறு கதை.

தழும்பு வளராது

94 என்ற எண்ணை எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். 18 என்ற எண்ணை யாரும் கேட்பதில்லை.

தீக்காயம் பட்ட சிறு பிள்ளைக்கு ஒரு தனிக் கஷ்டம் உண்டு. மருத்துவர்கள் பெற்றோரிடம் முதலிலேயே சொல்லிவிடுவார்கள். பிள்ளை வளரும், தழும்புத் தோல் அதோடு சேர்ந்து வளராது. முழங்கை மடிப்பில், கழுத்தில், விரல் இடுக்கில் அந்தத் தோல் இழுத்துப் பிடிக்கும். கை நீட்ட முடியாது, தலையைத் திருப்ப முடியாது. அதனால் வெட்டித் தளர்த்தி வேறு தோல் வைக்க வேண்டும். அடுத்த இரண்டு மூன்று வருடத்தில் பிள்ளை இன்னும் உயரமாகும், திரும்ப அறுவை. வளர்ச்சி நிற்கும்வரை இது ஓயாது. இடையில் இறுக்கமான அழுத்த உடை, எந்நேரமும் அரிப்பு. வியர்வைச் சுரப்பிகள் கருகிப்போன இடத்தில் வியர்க்காது. அந்த இடம் வெயிலைத் தாங்காது. தஞ்சை வெயிலில் அப்படி ஒரு உடம்போடு வளர்வதை யோசித்துப் பாருங்கள். ஆரம்பப்பள்ளியில் பட்ட தீ, கல்லூரி வரைக்கும் ஒவ்வொரு விடுமுறையிலும் மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு போகும். வேலைக்கான நேர்முகத்தில் முழுக்கைச் சட்டை. பெண் பார்க்க, மாப்பிள்ளை பார்க்க வருகிற இடத்தில் யாரும் வாய்விட்டுக் கேட்காத ஒரு கேள்வி. அந்தப் பிள்ளைகள் இன்று முப்பதை ஒட்டியவர்கள்.

உடம்பில் தழும்பே இல்லாமல் வெளியே வந்தவர்களும் இருக்கிறார்கள். அன்று கீழ்த்தளத்தில் உட்கார்ந்திருந்தவர்கள், பக்கத்து இருக்கைக்காரி இறந்து தான் பிழைத்தவர்கள், அக்காவை மேலே விட்டுவிட்டுத் தம்பி மட்டும் வீடு திரும்பியவர்கள். இவர்களை எந்தக் கணக்கிலும் சேர்க்கவில்லை. நம் வீடுகளில் இதற்கு ஒரே வைத்தியம்தான்: "அதையே நினைக்காதே, படிப்பைப் பாரு." அன்போடு சொல்வதுதான். ஆனால் நினைக்காதே என்றதும் நினைப்பு நின்றுவிடாது. அதைப் பற்றிப் பேசுவது மட்டும் நின்றுபோகும்.

இதில் ஊகம் வேண்டாம், ஒரு சான்று இருக்கிறது. அது தீ அல்ல, ஆனாலும் பள்ளிதான். வேல்ஸ் நாட்டில் அபர்ஃபான் என்ற சுரங்க ஊரில், 1966 அக்டோபர் 21ஆம் தேதி, மலைமேல் கொட்டி வைத்திருந்த நிலக்கரிக் கழிவு சரிந்து பள்ளிமேல் விழுந்தது. 116 குழந்தைகளும் 28 பெரியவர்களும் இறந்தார்கள். பிழைத்த பிள்ளைகளைக் கண்டுபிடித்து, 33 ஆண்டுகள் கழித்து மனநல மருத்துவர்கள் பேட்டி கண்டார்கள். அப்போது அவர்களுக்கு நாற்பதை ஒட்டிய வயது. ஆய்வில் கலந்துகொண்ட 41 பேரில் 29 சதவீதத்தினருக்கு அதிர்ச்சிக்குப் பிந்தைய மனக்காயம் அப்போதும் நோயளவில் இருந்தது. கனவு, தூக்கமின்மை, நினைக்க விரும்பாத நேரத்தில் வந்து நிற்கும் காட்சி. அந்த ஊரில் பிழைத்த பிள்ளைகள் தெருவில் விளையாடவே தயங்கினார்களாம். பிள்ளையை இழந்த வீட்டார் ஜன்னல் வழியாகப் பார்த்து வேதனைப்படுவார்களே என்று. எட்டு வயதுப் பிள்ளை பெரியவர்களின் துக்கத்துக்குக் காவல் இருக்கிறது! இதைப் படித்தபோது எனக்குக் கும்பகோணத்துத் தெருக்கள்தான் நினைவுக்கு வந்தன.

ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 16 வந்தால் பெற்றோர்கள் எரிந்த பள்ளியின் முன்னால் கூடுகிறார்கள். பிள்ளைகளின் படங்களுக்கு மாலை போடுகிறார்கள். பாலக்கரையில் நினைவிடம் இருக்கிறது. அந்த நாளைக் குழந்தைகள் பாதுகாப்பு நாளாக அரசு அறிவிக்க வேண்டும் என்று அவர்கள் கேட்டுவருகிறார்கள். அது பெரிய கோரிக்கை அல்ல. நாட்காட்டியில் ஒரு வரி. ஆனால் அந்த ஒரு வரி இருந்தால், அன்றைக்காவது ஒவ்வொரு பள்ளியிலும் யாராவது பின்படிக்குப் போய்ப் பார்ப்பார்கள்.

ஒரு சுவர்

பினாங்கில் எங்கள் தலைமுறை யான் தீயை ஏறக்குறைய மறந்திருந்தபோது கோலாலம்பூரில் ஒன்று நடந்தது. 2017 செப்டம்பர் 14, விடிவதற்கு முன். கம்போங் டத்தோ கிராமட்டில் டாருல் குர்ஆன் இத்திஃபாக்கியா என்ற சமயப் பள்ளி, மூன்று மாடிக் கட்டடம். பிள்ளைகள் மேல்தளத்தில் தூங்கினார்கள். 21 மாணவர்களும் இரண்டு ஆசிரியர்களும் இறந்தார்கள். ஜன்னல்களில் இரும்புக் கிரில். உள்ளேயிருந்து பிள்ளைகள் கத்தியது அக்கம்பக்கத்தாருக்குக் கேட்டது, கை எட்டும் தூரத்தில் இருந்தும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

இரண்டு நாளில் போலீஸ் ஏழு பதின்ம வயதுப் பையன்களைப் பிடித்தது. நெருப்பு வைத்தது அவர்கள் என்றது. அவ்வளவுதான், நாடு முழுக்கப் பேச்சு அந்தப் பையன்கள் பக்கம் திரும்பிவிட்டது. எந்த வீட்டுப் பிள்ளைகள், என்ன பழக்கம், எப்படி வளர்த்தார்கள். அதற்கு நடுவில், அப்போது வீடமைப்பு, உள்ளாட்சி அமைச்சராக இருந்த நோ ஓமார் இடத்தைப் பார்த்துவிட்டு ஒன்று சொன்னார். முதலில் போட்ட வரைபடத்தில் மேல்தளம் திறந்த தளம். அங்கிருந்து இரண்டு படிக்கட்டுகளுக்கும் போகலாம். பிறகு நடுவில் ஒரு சுவர் எழுப்பிவிட்டார்கள். பிள்ளைகள் இருந்த பக்கத்துக்கு ஒரே ஒரு வழிதான் மிஞ்சியது. அந்தச் சுவர் அங்கே இருந்திருக்கக் கூடாது என்றார்.

அந்தச் செய்தி ஒரு நாள் வந்தது. பையன்களின் செய்தி மாதக்கணக்கில் வந்தது. நெருப்பு வைத்தது பெரிய குற்றம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் நெருப்புக்கு ஆயிரம் காரணம் வரும். மின்கம்பி, கொசுவத்தி, அடுப்பு, கெட்ட எண்ணம். இரண்டாவது படிக்கட்டு இருந்திருந்தால் இவற்றில் எதுவாக இருந்தாலும் பிள்ளைகள் கீழே வந்திருப்பார்கள். என்னைக் கேட்டால், சுவர் எழுப்பியவருக்கும் அதைப் பார்த்தும் பேசாமல் போனவருக்கும்தான் முதல் பொறுப்பு.

1984இலிருந்து மலேசியாவில் கட்டடத் துணைச் சட்டங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு தளத்திலிருந்தும் தனித்தனியாக இரண்டு வெளிவழி வேண்டும் என்பது அதன் அடிப்படை. 1988இல் தீயணைப்புச் சேவைச் சட்டமும் வந்துவிட்டது. யான் எரிந்தது அதற்கு மறு ஆண்டு. அதனால் சட்டம் இல்லாத குறை என்று நாம் சொல்லிக்கொள்ள முடியாது.

பணக்கார நாடுகளில் இப்படி நடக்காது என்று ஒரு எண்ணம் நமக்கு உண்டு. சிகாகோவில் அவர் லேடி ஆஃப் தி ஏஞ்சல்ஸ் என்ற கத்தோலிக்கப் பள்ளி 1958 டிசம்பர் 1ஆம் தேதி எரிந்தது. 92 மாணவர்கள், மூன்று கன்னியாஸ்திரிகள். ஏறக்குறைய கும்பகோணத்தின் எண்ணிக்கைதான். அந்தப் பள்ளி சில வாரங்களுக்கு முன்புதான் தீப் பாதுகாப்புச் சோதனையில் தேறியிருந்தது. எப்படி? புதிய விதிகள் புதிய கட்டடங்களுக்கு மட்டும் என்று 1949இல் எழுதி வைத்திருந்தார்கள். பழைய கட்டடம் பழைய விதிப்படி சரி. ஆக, காகிதத்தில் எல்லாம் ஒழுங்கு. ஆனால் அந்தத் தீக்குப் பிறகு அமெரிக்கா முழுக்க ஆயிரக்கணக்கான பள்ளிகளில் தெளிப்பான்களும் எச்சரிக்கை மணிகளும் வந்தன, பழைய கட்டடங்களிலும். அழுததோடு விடாமல் பழையதையும் திருத்தினார்கள்; நாம் கற்றுக்கொள்ள வேண்டியது அங்கேதான் இருக்கிறது.

மாடியில் டியூஷன்

இதைப் பினாங்கில் இருந்து எழுதுகிறேன், அதனால் எங்கள் ஊரைச் சொல்லாமல் விட முடியாது. மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள். கட்டடங்கள் பெரும்பாலும் இப்போது சிமெண்டுதான். நான் படித்த காலத்தின் பலகைச் சுவர்கள் போய்விட்டன. பகல் நேரப் பள்ளிகளைப் பற்றி எனக்குப் பயம் குறைவு. என் பயம் பள்ளி விட்ட பிறகு பிள்ளைகள் போகும் இடங்களைப் பற்றி.

கடைவீடுகள் நிறைந்த பழைய ஜார்ஜ்டவுனை 2008இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. அழகுதான். ஆனால் அந்தக் கடைவீடு எப்படிப்பட்டது? முகப்பு குறுகல், உள்ளே நீளம். மேல்தளம் பலகை. நடுவில் காற்றுக்கும் வெளிச்சத்துக்குமாக ஒரு திறந்த முற்றம், தீப்பிடித்தால் அதுவே புகைபோக்கி. ஒரே மரப்படி. பின்னால் ஒரு சந்து. அந்தக் காலத்தில் மலக்கூடை எடுக்க வருகிறவர்களுக்காக விட்டது. சில வீடுகளில் பின்சந்துக்கு இறங்கச் சுருள் படி இருக்கும். இன்று அந்தப் பின்கதவில் மூன்று பூட்டு, படியில் ஏர்கான் பெட்டி, சந்தில் வண்டிகள். மேல்மாடியில் டியூஷன் வகுப்பு, நடன வகுப்பு, சிறுவர் பராமரிப்பு, வெளியூர்ப் பிள்ளைகள் தங்கும் அறைகள். இவை எல்லாவற்றுக்கும் போர்டு உண்டு, கட்டண ரசீது உண்டு, தேர்ச்சி விகிதம் எழுதிய பேனர் உண்டு.

என் மகளைச் சேர்க்க அப்படி ஒரு இடத்துக்குப் போயிருந்தேன். கணக்கு நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று பெயர். ஏறினேன். உள்ளே குளிர்சாதனம், ஜன்னல்களை ஒட்டுப்பலகை வைத்து அடைத்திருந்தார்கள், குளிர் வெளியே போகக்கூடாது என்று. பின்கதவு எங்கே என்று கேட்டேன். வரவேற்பில் இருந்த பெண்ணுக்குக் கேள்வி புரியவில்லை. பொறுப்பாளர் வந்தார். மிக மரியாதையாகத்தான் பேசினார்.

"அது ஸ்டோர் சார். யாரும் அந்தப் பக்கம் போறதில்ல."

"போகணும்னா?"

"எதுக்கு சார் போகணும்?"

எங்கள் டீச்சர் 1989இல் ஜாகாவிடம் கேட்டதை இவரிடம் யாரும் இதுவரை கேட்டதில்லை. பக்கத்தில் நின்றிருந்த இன்னொரு தகப்பனார் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பரீட்சை நேரத்தில் வந்து பூட்டைப் பற்றிப் பேசுகிறான் என்று நினைத்திருப்பார். நான் மகளை அங்கே சேர்க்கவில்லை. அதனால் அங்கே படிக்கும் மற்றப் பிள்ளைகளுக்கு என்ன பயன் என்ற கேள்வி வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. மறுவாரம் தீயணைப்புத் துறைக்கு, எங்கள் போம்பாவுக்கு, எழுதினேன். வந்து பார்த்தார்கள். பின்படி திறந்தது, ஒட்டுப்பலகை இறங்கியது. யாருக்கும் தண்டனை இல்லை, கடை மூடவும் இல்லை, ஒரு சாவியின் இடம் மட்டும் மாறியது.

வாசகர்களிடம் ஒன்று கேட்கிறேன். இந்த வாரம் பிள்ளையை டியூஷனிலோ நடன வகுப்பிலோ விடும்போது, காரில் இருந்தபடியே கையசைத்துவிட்டுப் போகாதீர்கள். இறங்கி மாடிக்கு ஏறுங்கள். வந்த வழியைத் தவிர இன்னொரு வழி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது பூட்டியிருக்கிறதா, சாவி யாரிடம், அந்த ஆள் இப்போது அங்கே இருக்கிறாரா என்று கேளுங்கள். ஜன்னல் கிரில்லை உள்ளேயிருந்து ஒரு பிள்ளையால் திறக்க முடியுமா என்று உங்கள் கையாலேயே திறந்து பாருங்கள். பதில் திருப்தியில்லை என்றால் சண்டை போட வேண்டாம். பக்கத்துத் தீயணைப்பு நிலையத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், முகவரியோடும் மாடி எண்ணோடும். தமிழ்நாட்டில் இருக்கும் வாசகர்களே, உங்கள் பள்ளியின் தீயணைப்புத் தடையின்மைச் சான்று எந்த ஆண்டோடு காலாவதியாகிறது என்று பெற்றோர் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. பாதுகாப்பான பள்ளி பிள்ளையின் உரிமை என்று 2009இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.